தூசி எண்ணும் அறை

அந்த அறைக்குள் போன முதல் நாள் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. நின்று மூச்சு விட்டேன். அவ்வளவுதான்.

உள்ளே போனது, வெளியே வந்தது. நெஞ்சுக்குள் சரசரப்பு இல்லை. பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அப்படி.

அதற்கு முன் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. தொண்ணூற்றைந்தில் சேர்ந்தேன். பாறையில் துளை போடுவது என் வேலை. துளைக்குள் மருந்து திணித்து வெடிக்க வைப்பார்கள். கல் விழும். துளை போடும்போது வெள்ளை மாவு பறக்கும். மூக்கில் துண்டு கட்டிக்கொள்வோம். சாயங்காலம் அந்தத் துண்டை உதறினால் பக்கத்தில் நிற்கிறவன் திட்டுவான். துண்டில் தங்கியது அவ்வளவு. உள்ளே எவ்வளவு போனது என்று யார் பார்த்தது.

திருச்சியில் ஒரு டாக்டர் பார்த்தார். நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

"மல்லாந்து படுத்தா மூச்சு வருதா?"

"வருதுங்க."

"வர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்கலாம். என்னைக்குப் படுக்க முடியாமப் போகுதோ, அன்னைக்குக் கஷ்டம். தூசி இல்லாத எடமாப் பாத்துப் போயிருங்க."

என் மனைவி கூட இருந்தாள். "தூசி இல்லாத ஊரு எதுங்க டாக்டரு? பேரு சொல்லுங்க, இன்னைக்கே போயிடறோம்" என்றாள்.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சுரங்கத்தை விட்டேன். சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊருக்குப் போனோம். கிடைத்த வேலையைச் செய்தேன். படியேறினால் மூச்சு வாங்கியது. மண்வெட்டி பிடித்தால் இருமல். இரண்டு வருஷம் இப்படிப் போனது.

அப்போது பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் ஒரு காலேஜில் புது அறை கட்டினார்கள். என் மச்சான் அதற்குத் தரை போட்டான். "மாமா, ஒரு ரூமு கட்டறாங்க. காத்தையே வடிகட்டி உள்ள வுடறாங்க. கூட்டித் துடைக்க ஆளு வேணுமாம்" என்றான். மறுநாளே போய் நின்றேன்.

அந்த அறைக்குப் பொறுப்பான சார் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். ஒல்லி. அவர் என்னைக் கேட்டது மூன்று கேள்வி. பீடி உண்டா. வெற்றிலை உண்டா. சொன்னதைச் சொன்னபடி செய்வீங்களா. இருமல் உண்டா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த அறையில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகக் கம்பியும் கதவும் செய்தார்கள். கம்ப்யூட்டருக்குள், போனுக்குள் இருக்கிற சாமான். இருக்கிறதை விட இன்னும் சின்னதாகச் செய்ய முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. அப்பளம் மாதிரி ஒரு தட்டு. கண்ணாடி போல மினுக்கும். அதன் மேல்தான் எல்லாம். ஒரு தூசி விழுந்தால், அது அந்தக் கம்பிகளுக்கு மலை விழுந்த மாதிரி என்று சார் சொன்னார். மலை விழுவது எனக்குத் தெரியும்.

பணம் டெல்லி கொடுத்தது. அரசாங்கப் பணம். மூன்று வருஷத்துக்கு என்று பேச்சு. முதல் வருஷப் பணத்தில் அறை வந்தது, மெஷின் வந்தது. அடுத்ததற்கு அங்கிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அறை சுத்தமா, தட்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். சரி என்றால் பணம் வரும். இல்லையென்றால் அறையைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

இதை சார் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். எல்லோரும் என்றால் அவர், படிக்கிற பெண் ஒன்று, நான். நான் டெல்லியைப் பற்றி யோசிக்கவில்லை. அறையைப் பூட்டினால் நான் எங்கே மூச்சு விடுவது என்றுதான் யோசித்தேன்.

அறைக்குள் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. காற்றை உறிஞ்சித் தூசியை எண்ணும். கணக்கு மீறினால் பீப் என்று கத்தும். அதன் எண்ணை அந்தப் பெண் தினமும் நோட்டில் எழுதும். ஏலாக்குறிச்சிப் பெண். மாதா கோவில்காரர்கள். வாய் ஓயாது. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும்.

உள்ளே போவதற்கு முறை உண்டு. பூ கூடாது, பவுடர் கூடாது, திருநீறு குங்குமம் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. நான் அஞ்சாவது வரை. தமிழ் வாசிப்பேன். நெற்றியைத் துடைத்துவிட்டு, தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு போட்டு, காற்று அடிக்கிற சின்ன அறையில் நின்று, அப்புறம் உள்ளே. ஒரு வருஷம் இப்படி. பெட்டி கத்தியதில்லை. என் இருமலும் குறைந்தது.

அது குறைந்ததைப் பார்த்துத்தான் என் மனைவி வேண்டுதல் வைத்தாள். குறைந்தது அம்மனால் என்பது அவள் கணக்கு. பாதியில் நிற்கக் கூடாது, முழுசாகப் போக வேண்டும் என்றாள்.

சிறுவாச்சூர்க் கோவில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அங்கேயே இடிக்கிற கல் உரல் இருக்கிறது. ஊறவைத்த அரிசியை அங்கேயே இடித்து மாவாக்கி, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழி வைத்து, நெய்விட்டு விளக்கேற்றுவார்கள். மாவிளக்கு. உடம்பில் எங்கே நோவோ அங்கே அந்த விளக்கை வைப்பார்கள். வயிற்று வலிக்காரன் வயிற்றில். தலைவலிக்காரன் தலையில். எனக்கு நெஞ்சில்.

ஒன்பது வாரம். திங்களும் வெள்ளியும். பதினெட்டு விளக்கு.

காலையில் முதல் பஸ்ஸில் போவோம். அவள் இடிப்பாள், நான் மாவு சலிப்பேன். அப்புறம் மல்லாந்து படுப்பேன். நெஞ்சில் வாழையிலைத் துண்டு. அதன் மேல் விளக்கு. நான் மூச்சு விட விட விளக்கு ஏறி இறங்கும். அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். விளக்கு மலையேறியதும் கரியும் நெய்யும் மாவும் சேர்த்து என் நெஞ்சில் பூசுவாள். பொழுது சாயும் வரை அதைக் கழுவக் கூடாது. அதுதான் முறை.

அங்கிருந்து நேரே வேலைக்குப் போவேன். நெற்றியை மட்டும் துடைப்பேன். நெஞ்சு சட்டைக்குள் இருந்தது. சட்டை வெள்ளை உடுப்புக்குள் இருந்தது. கதவில் எழுதியிருந்ததில் மாவு என்று இல்லை.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, பெட்டி கத்தியது.

சார் ஓடி வந்தார். கதவு ஓரமெல்லாம் தடவிப் பார்த்தார். மறுநாள் சரியாகிவிட்டது. அப்புறம் ஒரு நாள் கத்தியது. அன்று சுடுவதற்காக உலையில் ஏற்றிய தட்டுகள் எல்லாம் செத்துப்போயின. செத்துப்போச்சு என்றுதான் சார் சொல்வார். மினுக்கு அப்படியே இருக்கும். உயிர் இருக்காது.

அந்தப் பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது.

"சார், நம்ம தூசிக்கு நாள் கெழமை தெரியுது. திங்கள், வெள்ளி மட்டும்தான் வருது. மத்த நாள் விரதம்."

"வெளையாடாத."

"நீங்களே பாருங்க சார்."

சார் பார்த்தார். முகம் மாறியது. அன்றிலிருந்து மொட்டை மாடியில் போய் நிற்பார். சுரங்கம் வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டு வரச்சொன்னார். வெடி தினமும் வைத்தார்கள். ரோட்டில் லாரியை எண்ணச் சொன்னார். லாரிக்குக் கிழமை இல்லை. "திங்கள், வெள்ளி என்ன விசேஷம் இந்த ஊர்ல?" என்று என்னையே கேட்டார்.

"கோவில் தொறக்கும் சார்" என்றேன்.

"கோவில் அங்க இருக்கு. தூசி இங்கல்ல வருது" என்றார்.

எனக்கும் அப்போது உறைக்கவில்லை. அம்மன் பொருள் அழுக்காகும் என்று எந்த ஊரில் நினைப்பார்கள்?

எட்டாவது வாரம் திங்கட்கிழமை உறைத்தது. வேலை முடிந்து உடுப்பைக் கழற்றினேன். கழுத்துப் பட்டியின் உள்பக்கம் வெள்ளையாக ஏதோ இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது. வெல்லம் சேர்ந்த மாவு. காய்ந்தால் பொடியாக உதிரும். குனிந்து துடைக்கிறவன் நான். குனியும்போதெல்லாம் கழுத்து வழியே கொட்டியிருக்கிறது.

உடுப்பை மடித்து வைத்தேன். வீட்டுக்குப் போனேன். சோறு இறங்கவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்னும் மூன்று விளக்குதான் பாக்கி. முடிந்துவிட்டால் தூசியும் தானாக நிற்கும். ஆனால் டெல்லி ஆட்கள் வருவது அடுத்த வாரம் வெள்ளி என்று செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. கடைசி விளக்கும் அன்றுதான்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. சார் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"திங்களும் வெள்ளியும் உலையில தட்டு ஏத்தறது யாரு?"

"நான்தான் சார்."

"மூஞ்சிக்கு என்ன போடுற?"

"ஒண்ணும் போடல சார். சோப்புதான்."

"இனிமே நீ உள்ள வராத. நானே ஏத்திக்கறேன்."

அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தது. முடியவில்லை. வராண்டாவில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றது. ஒரு வருஷ நோட்டைக் கையில் பிடித்திருந்தது.

நான் சார் முன்னால் போய் நின்றேன்.

"அந்தப் புள்ள இல்ல சார். நான்."

சொன்னேன். விளக்கு, மாவு, நெஞ்சு, எல்லாம். சுரங்கத்தையும் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. சட்டையைத் திறக்கச் சொன்னார். அன்று செவ்வாய். முந்தின நாள் சாயங்காலம் தேய்த்துக் குளித்திருந்தேன். சார் என்னைக் காற்று அடிக்கிற சின்ன அறையில் நிறுத்தி, அந்தப் பெட்டியை எடுத்து வந்து, அதன் குழாயை என் நெஞ்சுக்கு நேரே பிடித்தார்.

கத்தியது. நிற்காமல் கத்தியது. அவர் குழாயை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கத்தியது.

"மாவு மட்டும் இல்ல, மூச்சு விட்டாலே எண் ஏறும். எல்லாருக்கும் ஏறும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அண்ணே, ஏலாக்குறிச்சிக்கு வந்திருக்கலாம். எங்க மாதாவுக்கு மெழுகுவத்திதான். மாவு கெடையாது" என்றது அந்தப் பெண், பின்னாலிருந்து. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னது. சார் சிரித்துவிட்டார். நானும்.

அப்புறம் சார் சொன்னார். "மூணு நாளும் லீவு எடுத்துக்கங்க. வேற ஆள் வச்சுத் துடைச்சுக்கறேன். இல்ல, விளக்க நிறுத்துங்க. ரெண்டுல ஒண்ணு. எதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க முடிவு பண்ணுங்க."

வேறு ஆள் என்றார் பாருங்கள். என் கையிலிருக்கும் துடைப்பத்தை வேறு ஆள் தொட்டால் அது திரும்ப என் கைக்கு வராது. அவனுக்கு இருமலும் இருக்காது.

வீட்டில் சொன்னேன். அவள் வெள்ளிக்கிழமைக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தறதுன்னா?"

"இந்த மூணும் வேணாம்."

"பதினஞ்சு போட்டாச்சு. மூணு பாக்கி வச்சா அது வேண்டுதலா? கொறை. கொறை வுழுந்தா என்ன ஆவும் தெரியுமா உங்களுக்கு?"

"ரூமு போச்சுன்னா என்ன ஆவும், அது தெரியுமா உனக்கு?"

"ரூமு காப்பாத்துமா, ஆத்தா காப்பாத்துமா?"

"ஆத்தாதான் ரூமு குடுத்துச்சுன்னு வச்சுக்க."

"நல்லா பேசுறீங்க. சொரங்கத்துல இருந்தப்ப இந்த வாய் எங்க போச்சு?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அப்பறம் என்னையச் சொல்லாதீங்க" என்றாள். அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டினாள். அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகவில்லை. பெட்டி கத்தவில்லை. திங்கட்கிழமை கத்தவில்லை. அந்தப் பெண் மறுபடி உள்ளே வந்தது. தட்டுகளுக்கு உயிர் வந்தது. சார் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

டெல்லியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அன்று விடிவதற்குள் போய் இரண்டு தடவை துடைத்தேன். உடுப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். நோட்டைப் பார்த்தார்கள். திங்கள், வெள்ளி எண் ஏறியிருந்ததைக் கேட்டார்கள். சார் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கும்பிட்டார். எதற்குக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

வெளியே வந்து வடை தின்றார்கள். வயசானவர் மட்டும் தனியே நடந்தார். கட்டிடத்தின் வெளிச்சுவர் ஜன்னல் விளிம்பில் ஒரு விரலை வைத்து இழுத்தார். விரலைப் பார்த்தார். வெள்ளை. ரோட்டைப் பார்த்தார். கல் லாரி வரிசையாகப் போனது. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.



கடிதம் வந்தது மூன்று மாதம் கழித்து. மறுப்பு இல்லை. மெஷினுக்குப் பணம் உண்டு என்று வந்தது. இன்னும் ஒரு புது மெஷின் வாங்கலாம். ஆனால் காற்று வடிகட்டிக்கும் கரண்டுக்கும் கிடையாது. அது காலேஜ் பொறுப்பு. காலேஜில் போய்க் கேட்டார் சார். "டெல்லி ரூமுக்கு டெல்லி குடுக்கட்டும்" என்றார்கள். அவர் டெல்லிக்கு எழுதினார். டெல்லி காலேஜைக் கேட்கச் சொன்னது. இப்படியே போனது. புது மெஷின் பெட்டியோடு வந்து வராண்டாவில் இறங்கியது. உள்ளே வைத்தால் கெட்டுவிடும் என்று பிரிக்கவில்லை.

வடிகட்டி மேலே கூரையில் இருக்கும். காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வரும். வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றவில்லை. ஒரு நாள் சாரும் நானும் அதைக் கழற்றினோம். தாள் தாளாக மடித்திருக்கும். மடிப்புக்கு மடிப்பு வெள்ளை அடைத்திருந்தது. சுண்ணாம்பு. நான் துளை போட்ட பாறையின் மாவு. எட்டு மைலுக்கு அந்தப் பக்கம் அதை விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்திருந்தேன்.

சார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். டாக்டர் பிடித்த மாதிரியே பிடித்தார்.

தட்டிவிட்டு மறுபடி மாட்டினோம். வேறு வழி?

பெட்டி கத்த ஆரம்பித்தது. செவ்வாய் கத்தியது, வியாழன் கத்தியது. "இப்ப எல்லா நாளும் வெள்ளிக்கெழமதான் அண்ணே" என்றது அந்தப் பெண். கொஞ்ச நாளில் சார் பெட்டியின் சத்தத்தை நிறுத்திவிட்டார். எண் மட்டும் ஓடும். அந்தப் பெண் எழுதும். எழுதி எழுதிப் பார்த்துவிட்டு ஒரு நாள் சென்னைக்குப் போய்விட்டது. போகும்போது மெழுகுவத்தி ஒன்று கொடுத்தது. "மாவு கெடையாது, தைரியமா வைங்க" என்றது.

சாருக்கும் வேறு ஊரில் இடம் கிடைத்தது. அவர் போன மாதமே காற்று மெஷினை நிறுத்தினார்கள். சாவியை என்னிடம்தான் கேட்டு வாங்கினார்கள். கொடுப்பதற்கு முன் உள்ளே போய் நின்றேன். உடுப்பு போடவில்லை. செருப்போடு போனேன். மூச்சு விட்டேன். வெளியே இருக்கிற மூச்சுதான் உள்ளேயும் இருந்தது.

காலேஜ் என்னை அனுப்பிவிடவில்லை. வாசலில் உட்கார வைத்தார்கள். ரோட்டோரம். வருகிற வண்டிக்குக் கேட் திறக்க வேண்டும். கல் லாரி போனால் கேட் தெரியாது. மறுபடி துண்டு கட்டிக்கொண்டேன்.

குறை விழுந்தது என்று என் மனைவி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் நான் வடிகட்டியைச் சொல்லியிருப்பேன். எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாவு, சுண்ணாம்பு இரண்டும் வெள்ளையாகத்தான் இருந்தது.

இரண்டாயிரத்து ஏழு, மழை முடிந்த சமயம். அவளே கேட்டாள்.

"அந்த மூணையும் போட்டுரலாங்களா?"

"இப்ப போட்டா சேருமா?"

"சேருதோ சேரலையோ. பாக்கி வைக்க வேணாம்."

வெள்ளிக்கிழமை போனோம். அவள் இடித்தாள். நான் சலிக்கவில்லை. அவள் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள். மாவு பிசைந்தாள். குழி வைத்து நெய் விட்டாள். இலையைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"படுங்க."

படுத்தேன். கல் தரை குளிர்ச்சியாக இருந்தது. முதுகு தரையில் பட்டதும் மூச்சு நின்றது. எழுந்து உட்கார்ந்தேன். வேகமாகப் படுத்துவிட்டேன் போல என்று நினைத்து மறுபடி மெதுவாகச் சாய்ந்தேன். பாதி சாயும்போதே அடைத்தது. வாய் திறந்தது. காற்று வரவில்லை. அவள் முதுகில் கை கொடுத்துத் தூக்கினாள்.

அவளும் டாக்டரிடம் கூட இருந்தவள்தான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு பொம்பளை மாவு இடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒக்காந்தே இருங்க" என்றாள்.

என்னைத் தூணில் சாய்த்து உட்கார வைத்தாள். இலையை நெஞ்சில் ஒட்டினாள். விளக்கை அதில் வைத்தாள். நிற்கவில்லை, சரிந்தது. ஒரு கையால் அடியில் தாங்கிக்கொண்டாள். மறு கையால் திரியைப் பற்றவைத்தாள். நெய் வழிந்து அவள் விரலில் சுட்டது. கையை எடுக்கவில்லை.

முன்பெல்லாம் என் மூச்சில் ஏறி இறங்கும் விளக்கு. அன்று அவள் கையில் அசையாமல் நின்றது.

"பதினாறு" என்றாள்.